லுவாங் பிரபாங்கின் இரவுச் சந்தை: வாங்குபவரின் அறிவும் நெய்பவரின் கூலியும்



லாவோஸ் நாட்டின் வடக்கே, மீகாங் ஆற்றோடு நாம் கான் ஆறு வந்து சேரும் முனையில் லுவாங் பிரபாங் என்ற சிறிய நகரம் இருக்கிறது. 1353-இல் ஃபா ங்கும் மன்னர் உருவாக்கிய லான் சாங் அரசின் தலைநகரமாக இருந்த ஊர் இது. 16ஆம் நூற்றாண்டில் தலைநகரம் வியன்டியானுக்குப் போய்விட்டது. ஆனாலும் 1975-இல் முடியாட்சி ஒழியும்வரை அரசர்களின் ஊர் என்ற பெயர் இதற்கே நிலைத்தது. 1995-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. அன்றிலிருந்து விகாரைகளையும் ஆற்றங்கரையையும் காண உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு சால்வையோ பையோ வாங்காமல் திரும்புவதில்லை. துணிக்காகவே வருகிறவர்களும் உண்டு. பாங்காக் வழியாகத் தமிழர்களும் இப்போது போய்வருகிறோம். வாங்குவதற்காக ஒரு ஊருக்குப் போகும் அந்தப் பயணி தான் வாங்கும் தொழிலுக்கு என்ன செய்கிறார் என்பதே இன்றைய பேச்சின் பொருள். பயணிகளின் பணம் கைத்தொழிலை வாழவைக்கிறது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். பயணிகளின் பணமே அதைக் கெடுத்தது என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள். இரண்டு பேச்சிலும் ஒரு விஷயம் விடுபட்டுப் போகிறது. பணம் எந்தப் பக்கம் வேலை செய்யும் என்பதை, வாங்குகிறவருக்குப் பொருளைப் பற்றி எவ்வளவு தெரியும் என்பதுதான் முடிவு செய்கிறது. அறியாத கையிலிருந்து வரும் பணம் தறியை மூடுகிறது, அறிந்த கையிலிருந்து வரும் அதே பணம் தறியை ஓட்டுகிறது. இதை நான் உறுதியாக நம்புகிறேன். சான்றுகளோடு சொல்ல முயல்கிறேன்.

முதலில் சந்தையைப் பார்ப்போம். பூசிக் குன்றின் அடிவாரத்தில், பழைய அரண்மனைக்கு முன்னால் போகிற சிசவாங்வோங் சாலையில் மாலையானதும் வண்டிப் போக்குவரத்து நின்றுவிடும். கூடாரங்கள் எழும்பும், தரையில் விரிப்புகள் விரியும், விளக்குகள் ஏறும். விற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஹ்மோங் இனப் பெண்கள் தைத்த பூவேலைப் பைகள், தாய் லூ மக்கள் நெய்த பருத்தித் துணி, பட்டுச் சால்வை, வெள்ளி வளையல், சா காகிதத்தில் செய்த விளக்குக் கூடு என்று கண்ணை நிறைக்கும் சந்தை. ஆனால் அந்த விரிப்புகளிலேயே, கைவேலைக்குப் பக்கத்தில், யானைப் படம் போட்ட தொளதொளப்பான கால்சட்டைகள் அடுக்கடுக்காக இருக்கும். ஹ்மோங் பூவேலையின் தோற்றத்தை இயந்திரத்தில் அச்சடித்த பைகள் இருக்கும். பட்டு என்ற பெயரில் பாலியெஸ்டர் சால்வை இருக்கும். இவற்றில் மிகுதி தாய்லாந்து, சீனா, வியட்நாம் ஆலைகளில் செய்யப்பட்டு எல்லை தாண்டி வந்தவை. வருகிற வழியும் எளிதாகிக்கொண்டே இருக்கிறது. 2021 டிசம்பரில் சீன எல்லையிலுள்ள போத்தெனிலிருந்து வியன்டியான் வரை 414 கிலோமீட்டர் ரயில் பாதை திறந்தது. மலைச்சாலையில் ஒரு பகல் முழுவதும் பிடித்த வியன்டியான் - லுவாங் பிரபாங் பயணம் இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கிவிட்டது. அந்தப் பாதை பயணிகளையும் கொண்டுவருகிறது, ஆலைச் சரக்குக்கும் வழி விடுகிறது.

ஆலைச் சரக்கு வந்தது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. எந்தச் சந்தையிலும் மலிவான பொருளுக்கு இடம் உண்டு. இரண்டும் ஒரே விரிப்பில், ஒரே பெயரில், 'கைவேலை' என்றே விற்கப்படுகின்றன. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. வாங்க வந்தவருக்கு வேறுபாடு தெரியாது. அப்போது என்ன நடக்கும் என்பதைப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் ஆகர்லோஃப் 1970-இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். 2001-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைக்கக் காரணமான ஆய்வு அதுதான். அவர் எடுத்துக்கொண்டது பழைய கார்களின் சந்தை. நல்ல கார் எது, கோளாறுள்ள கார் எது என்று விற்கிறவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. தெரியாதவர் இரண்டுக்கும் நடுவான ஒரு விலையைத்தான் தரத் துணிவார். அந்த நடுவிலை நல்ல காரின் சொந்தக்காரருக்குக் கட்டுப்படியாகாது, அவர் சந்தையை விட்டு விலகுவார். அவர் விலகியதும் மிஞ்சிய கார்களின் தரம் இன்னும் தாழும், வாங்குகிறவர் தரும் விலையும் தாழும். யாரும் யாரையும் ஏமாற்றத் திட்டமிடாமலேயே நல்ல சரக்கு சந்தையை விட்டுப் போய்விடும். லுவாங் பிரபாங்கின் சால்வைக்கு இது அப்படியே பொருந்துகிறது. பாலியெஸ்டர் சால்வையின் விலையைக் கேட்டு வந்த பயணி, அடுத்த விரிப்பில் இருக்கும் கைநெசவுச் சால்வையின் விலையைக் கேட்டதும் கொள்ளை என்று நினைக்கிறார். அவர் கெட்டவர் இல்லை, கஞ்சரும் இல்லை. இரண்டு சால்வைக்கும் நடுவில் என்ன நிற்கிறது என்பது அவருக்குத் தெரியாது. நெய்த பெண் விலையைக் குறைத்தால் கூலி போகும், குறைக்காவிட்டால் விற்பனை போகும். சில பருவங்கள் இப்படிப் போனால், அவளே ஆலைச் சரக்கை மொத்த விலைக்கு வாங்கி வந்து விரிப்பில் வைக்கத் தொடங்குவாள். அவள் செய்வது பிழைக்க எவரும் செய்யும் காரியம்தான்.

அப்படியானால் அந்த இரண்டு சால்வைக்கும் நடுவில் நிற்பது என்ன? இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வாதம் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. லாவோ நெசவின் சிறப்பு, பாவுக்குக் குறுக்கே ஓடும் அடிப்படை ஊடைக்கு மேல் கூடுதல் ஊடை கொடுத்துப் பூவேலை எழுப்புவது. துணியின் அகலம் முழுவதும் ஒரே நிறக் கூடுதல் ஊடை ஓடினால் அது 'கித்' முறை. வேண்டிய இடத்தில் மட்டும், வேண்டிய நிறத்தை விரலாலோ கூரான குச்சியாலோ எடுத்துக் கோத்தால் அது 'சோக்' முறை. சோக் வேலையில் ஒரு வரிசை முடிவதற்குள் பத்து நிறம் மாறலாம், ஒவ்வொன்றையும் கையால் நுழைத்துக் கையால் விடுவிக்க வேண்டும். ஊடை நூலையே முன்கூட்டி அங்கங்கே கட்டிச் சாயமேற்றி, நெய்யும்போது உருவம் தானாக அமையும்படி செய்வது 'மத் மீ'. பூவேலையின் கணக்கு தறியிலேயே பதிந்திருக்கும். பாவு நூல்களைத் தாங்கிச் செங்குத்தாகத் தொங்கும் நீண்ட விழுதுகளில் குறுக்கு நூல்களோ மூங்கில் குச்சிகளோ செருகப்பட்டிருக்கும். ஒவ்வொரு குச்சியும் உருவத்தின் ஒரு வரிசை. ஒரு குச்சியை எடுத்து, அது காட்டும் பாவு நூல்களைத் தூக்கி, ஊடை செலுத்தி, குச்சியை மறுபக்கம் செருகி, அடுத்ததற்குப் போக வேண்டும். ஜக்கார்டு வருவதற்கு முன் காஞ்சிபுரத்தில் வழங்கிய அடை முறையை அறிந்தவர்களுக்கு இந்த வேலையின் எடை உடனே புரியும். அந்த விழுதைக் கட்டி முடிப்பதற்கே பல நாள் ஆகலாம், சிக்கலான ஒரு சால்வை நெய்து முடிக்க மாதக் கணக்கில் ஆகலாம். சாயம் தனி வேலை. சிவப்புக்கு அரக்கு, நீலத்துக்கு அவுரி, இன்னொரு சிவப்புக்குப் பதிமுகக் கட்டை. அவுரித் தொட்டியைப் புளிக்கவைத்துக் காப்பதற்கென்றே ஒருவர் வேண்டும். துணியின் நடுவில் நெளியும் நாக உருவம் லாவோ மக்களுக்கு ஆற்றையும் மழையையும் காக்கும் தெய்வம். அந்த நாக உருவ நெசவை 2023 டிசம்பரில் யுனெஸ்கோ மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இவற்றை அறிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை. துணியைத் திருப்பிப் பார்த்தால் போதும், பாதி தெரிந்துவிடும். அச்சடித்த துணியின் பின்பக்கம் வெளிறியிருக்கும். சோக் வேலையின் பின்பக்கத்தில் நிறம் மாறும் இடங்களில் நூல் முடிச்சும் தாவலும் தெரியும். ஹ்மோங் பூவேலையில் ஊசி நுழைந்த தடம் பின்னால் இருக்கும். மேல்துணியை வெட்டி மடித்து அடித்துணியின் நிறம் தெரியும்படி தைக்கும் அவர்களின் ஒட்டுவேலையை விரலால் தடவினால் மேடுபள்ளம் தெரியும், அச்சில் அது வழவழவென்று இருக்கும். இரண்டு கைநெசவுச் சால்வைகள் நூலுக்கு நூல் ஒன்றாக இருக்க முடியாது, அடுக்கில் இருக்கும் இருபதும் ஒன்றேபோல் இருந்தால் அவை எங்கிருந்து வந்தவை என்று கேட்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும்விட எளிய வழி, விற்கிறவரிடம் விசாரிப்பது. யார் நெய்தது, எந்த ஊர், எத்தனை நாள், என்ன சாயம் என்று கேட்டால், நெய்தவர் ஆர்வத்தோடு பதில் சொல்வார். நெய்யாதவருக்குச் சொல்ல அதிகம் இருக்காது. நகருக்கு அருகிலேயே ஆடை நெசவுக்குப் பெயர் பெற்ற பான் பனோம் என்ற தாய் லூ கிராமம் இருக்கிறது. அரண்மனைக்குத் துணி நெய்தவர்களின் ஊர் அது. நாம் கானுக்கு அக்கரையில் பான் சாங் கோங்கில் தறியையும் பார்க்கலாம், சா காகிதம் செய்வதையும் பார்க்கலாம். காகித முசுக்கட்டை மரத்தின் உள்பட்டையைச் சாம்பலோடு வேகவைத்து, இடித்துக் கூழாக்கி, நீரில் வலைச் சட்டத்தின் மேல் பரப்பி, பூவும் இலையும் பதித்து வெயிலில் காயவைப்பார்கள். மாலைச் சந்தைக்கு முன் பகலில் அங்கே ஒரு மணி நேரம் நின்றவருக்கு, அன்றிரவு விரிப்பில் கிடக்கும் பொருள்கள் வேறாகத் தெரியும். நகரத்தில் பாரம்பரியக் கலைகள் மற்றும் இனவியல் மையம் என்ற சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. 2006-இல் நிறுவப்பட்டது. எந்த இனத்தவர் எதை, எப்படிச் செய்கிறார்கள் என்று அது காட்டுகிறது. வாங்கும் எண்ணத்தோடு போகிறவர் முதல் நாள் அங்கே போவதுதான் முறை என்பேன்.

இனி பேரம். நமக்குப் பேரம் பேசாமல் வாங்கினால் வாங்கிய மாதிரியே இருக்காது, லாவோஸின் சந்தையிலும் பேரம் வழக்கம்தான். பேரத்தை நான் குறைகூறவில்லை. இருவருக்கும் சரக்கு தெரிந்த இடத்தில் பேரம் ஒரு நேர்மையான உரையாடல். காய்கறிக் கடையில் கத்தரிக்காயின் நிலை இருவர் கண்ணுக்கும் தெரியும், அன்றைய விலையும் ஏறக்குறைய தெரியும். லுவாங் பிரபாங்கில் நிற்கும் பயணிக்கோ அடக்கவிலையும் தெரியாது, நியாய விலையும் தெரியாது. 'மூன்றில் ஒரு பங்கு சொல்லு, பாதி விலைக்கு முடி' என்று பயணக் கையேடுகளில் படித்த ஒரு சூத்திரம் மட்டுமே கையில் இருக்கிறது. ஆலைப் பொருளுக்கு இரண்டு மடங்கு விலை சொல்லிப் பாதியில் முடித்தாலும் விற்பவருக்கு நட்டமில்லை. கைநெசவுக்கு நியாய விலை சொன்னவர் பாதியில் முடித்தால், அவர் விட்டுக்கொடுப்பது தன் கூலியை. நூலின் விலையையோ சாயத்தின் விலையையோ அவரால் குறைக்க முடியாது. பட்டு நூலில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2021-இல் ஒரு டாலருக்கு 9,000 கிப் அளவில் இருந்த லாவோஸ் நாணயம் 2023 இறுதியில் 20,000-ஐத் தாண்டிச் சரிந்ததால் நூல் விலை ஏறியது. வெளிநாட்டுப் பயணியின் பணத்துக்கு அதே நேரத்தில் மதிப்பு கூடியது. பயணிக்கு எல்லாம் மலிவாகத் தெரிந்த அதே மாதங்களில்தான் நெய்கிறவளுக்கு எல்லாம் விலையேறியது. அப்படிப்பட்ட நேரத்தில் சூத்திரப்படி பேரம் பேசுவது யாரிடமிருந்து எடுப்பது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 'கலப்பில்லாத மரபு என்று எங்கே இருக்கிறது? காலத்துக்கு ஏற்ப மாறாத கைத்தொழில் எது? தூய்மை தேடுவது பணக்காரச் சுவைஞரின் பொழுதுபோக்கு' என்கிறார்கள். மரபு மாறும் என்பது உண்மை, லுவாங் பிரபாங்கே அதற்குச் சான்று. இன்று ஹ்மோங் கைவேலை என்று உலகம் அறியும் கதைத்துணி, வயலும் விலங்கும் போரும் ஆற்றைக் கடந்து ஓடிய ஓட்டமும் படம்படமாகத் தைக்கப்பட்ட துணி, பழங்கால மரபு கிடையாது. 1975-க்குப் பிறகு லாவோஸிலிருந்து தப்பிய ஹ்மோங் மக்கள் தாய்லாந்து அகதி முகாம்களில் உருவாக்கிய வடிவம் அது. அயலாருக்கு விற்பதற்காகவே அது பெருகியது. அதனால் அதன் மதிப்பு ஒரு துளியும் குறையவில்லை. தாங்கள் இழந்ததைத் தைத்தே சொன்ன மக்களின் ஆவணம் அது. சியெங் குவாங் மாநிலத்தின் பான் நாபியா கிராமத்துக் கரண்டிகளும் அப்படித்தான். 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் லாவோஸின் மேல் 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு கொட்டின. போருக்குப் பின் அந்தச் சிதறல்களின் அலுமினியத்தை உருக்கி, மரமும் சாம்பலும் கொண்டு செய்த அச்சில் வார்த்துக் கரண்டி செய்தார்கள் அந்த ஊரார். இப்போது வளையலும் செய்கிறார்கள், லுவாங் பிரபாங்கில் கிடைக்கிறது. இதைவிடப் புதிய 'மரபு' இருக்க முடியாது, இதைவிட உண்மையான பொருளும் இருக்க முடியாது. ஆகவே நான் கேட்பது பழமையை இல்லை. வெளிநாட்டு நூலில் நெய்தாலும், வேதிச் சாயம் ஏற்றினாலும், பயணியின் மேசைக்கு ஏற்ற அளவில் வெட்டினாலும், கையால் செய்தது கையால் செய்ததே. எது எதுவோ அதை அதுவாகச் சொல்லி விற்க வேண்டும் என்பது மட்டுமே என் கோரிக்கை. மரபு மாறலாம் என்ற உண்மையை, அச்சடித்ததைப் பூவேலை என்று சொல்வதற்குச் சாக்காக எடுத்துக்கொள்ள முடியாது.

அடுத்த மறுப்பு மனசாட்சியைத் தொடுவது. ஆலைச் சரக்கை விற்கும் பெண்ணும் ஏழைதான், அவளுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், நீங்கள் சொல்லும் தேர்ந்த பயணி அவள் வயிற்றில் அடிக்க மாட்டாரா என்பது. இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆலைக் கால்சட்டையை வாங்க விரும்புகிறவர் தாராளமாக வாங்கட்டும், அணியட்டும். விற்கிறவளுக்கு லாபம் கிடைக்கட்டும். ஆனால் அந்த லாபம் எவ்வளவு என்று பாருங்கள். பக்கத்து விரிப்பிலும் அதற்கடுத்த விரிப்பிலும் அதே கால்சட்டை தொங்குகிறது. எல்லாரும் ஒரே மொத்த வியாபாரியிடம் வாங்கியவர்கள். ஒருவர் விலை குறைத்தால் எல்லாரும் குறைக்க வேண்டும். அவளிடம் மட்டுமே கிடைக்கும் எதுவும் அவள் விரிப்பில் இல்லை. கைவேலை விற்கிறவளிடம் அது இருக்கிறது. அறிந்த வாங்குநர் கூடினால் முதலில் பயனடையக்கூடியவள் அதே சந்தையில் ஆலைச் சரக்குக்கு மாறிப்போன தையல்காரிதான். அவள் கைக்கு வேலை இன்னும் மறந்திருக்காது. மேலும் கைவேலை என்றாலே ஆயிரக்கணக்கான ரூபாய் என்று எண்ணிவிட வேண்டாம். சா காகித உறை, சிறு பூவேலைப் பணப்பை, தறியில் நெய்த குறுகிய பட்டி என்று மெலிந்த சட்டைப்பைக்கும் எட்டும் நேர்மையான பொருள்கள் அங்கே ஏராளம். ஐந்து பொய்ப் பொருளுக்குப் பதில் ஒரு மெய்ப் பொருள் வாங்கினால் செலவு ஏறக்குறைய ஒன்றுதான்.

'அப்படியானால் முத்திரை போட வேண்டியது அரசின் வேலை, பயணி ஏன் நெசவு படிக்க வேண்டும்' என்று கேட்பவர்களும் உண்டு. முத்திரை வேண்டும், மறுக்கவில்லை. லுவாங் பிரபாங்கிலேயே 'லுவாங் பிரபாங்கில் கையால் செய்தது' என்று அறிவிக்கும் அடையாளச் சீட்டு உள்ளூர்க் கைவினைச் சங்கத்தின் முயற்சியால் வழக்கத்தில் வந்திருக்கிறது. அது இருக்கும் கடையைத் தேடிப் போவது நல்லது. ஆனால் முத்திரை எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தமிழ்நாட்டில் இருக்கும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1985-இல் கைத்தறிக்கென்று சில துணி வகைகளை ஒதுக்கிச் சட்டம் வந்தது. 2004-இல் பட்டு முத்திரை, 2006-இல் கைத்தறி முத்திரை வந்தன. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இத்தனைக்கும் பிறகு விசைத்தறிச் சேலை கைத்தறிச் சேலை என்ற பெயரில் கல்யாண வீடுகளுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. முத்திரை எங்கே என்று கேட்கும் வாங்குநர் இருந்தால்தான் முத்திரைக்கு உயிர். கேட்பார் இல்லாத முத்திரையைப் போலியாகப் போடுவதற்கும் ஆள் இருப்பார்கள். சட்டத்துக்கு எட்டாத இடங்களும் உண்டு. லாவோஸின் வடகோடியான போங்சாலி மாநிலத்தில் ஓமா என்ற மிகச் சிறிய இனத்தவர் வாழ்கிறார்கள். அவர்கள் அவுரித் துணியில் தைக்கும் பூவேலையை இத்தாலிய ஆடை நிறுவனமான மேக்ஸ் மாரா 2019-இல் துணியில் அச்சடித்து விற்றதாக, முன்னே சொன்ன லுவாங் பிரபாங் அருங்காட்சியகம் வெளிப்படையாகக் குற்றம்சாட்டியது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அது வெளியிட்டது. ஊசியால் தைத்த ஒவ்வொரு கோணமும் அச்சில் அப்படியே இருந்தது. ஒரு சமூகம் முழுவதற்கும் சொந்தமான வடிவத்தைக் காக்க, தனிமனிதரின் படைப்புரிமைக்கென்று எழுதப்பட்ட சட்டங்கள் உதவுவதில்லை. இந்தச் செய்தி உலகம் அறிந்ததற்குக் காரணம் அந்தப் பூவேலையைப் பார்த்ததும் 'இது ஓமா' என்று அடையாளம் கண்டவர்கள் இருந்ததுதான். காவல் எங்கே தொடங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இன்னும் கடுமையாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பயணிகள் கூட்டம் அந்த நகரத்தையே மாற்றிவிட்டது, பழைய வீடுகள் விடுதிகளாகிவிட்டன, புத்த பிக்குகளின் விடியற்காலைப் பிட்சை ஊர்வலம் படம்பிடிப்பவர்களின் காட்சியாகிவிட்டது, போகாமல் இருப்பதே அந்த ஊருக்குச் செய்யும் நன்மை என்கிறார்கள். அவர்கள் காட்டும் கேடுகள் மெய்யானவை. ஆனால் போகாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை வரலாறு ஒருமுறை செய்தே காட்டிவிட்டது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றுக்காக மூடப்பட்ட லாவோஸ் எல்லை 2022 மே 9-இல்தான் முழுதாகத் திறந்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் இரவுச் சந்தைக்கு வெளிநாட்டு வாங்குநர் இல்லை. வருமானம் நின்றது. வயலுக்குத் திரும்ப முடிந்தவர்கள் திரும்பினார்கள். விலகி நின்றால் தறி தானாகத் தழைக்கும் என்பதற்கு அந்த இரண்டு ஆண்டுகளில் ஒரு சான்றும் இல்லை. உள்நாட்டுத் தேவை நெசவுக்கு இன்னும் இருக்கிறது. லாவோ பெண்கள் விழாவுக்கும் அலுவலகத்துக்கும் 'சின்' என்ற நெய்த பாவாடை உடுத்துகிறார்கள், அது பெரிய பலம். ஆனால் மாதக் கணக்கில் நெய்யும் சால்வைக்கு அந்தத் தேவை மட்டும் போதாது.

அறிந்து வாங்குவதன் பலன் வெறும் ஊகம் இல்லை என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள். ஓக் பாப் டோக் என்ற நெசவு நிறுவனத்தை 2000-இல் லுவாங் பிரபாங்கின் நெசவாளர் குடும்பத்துப் பெண் ஒருவரும் ஆங்கிலேயப் பெண் ஒருவரும் சேர்ந்து தொடங்கினார்கள். மீகாங் கரையில் அவர்கள் நடத்தும் மையத்தில் நெய்வதையும் சாயம் காய்ச்சுவதையும் பயணிகள் பார்க்கலாம், ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து தாங்களே ஒரு சிறு துண்டு நெய்யலாம். கடை, காட்சி, கற்பித்தல் மூன்றும் ஒரே இடத்தில் இருப்பதால் அங்கே விலையைப் பற்றிய வழக்கு எழுவதில்லை. வாங்குகிறவர் விலையைத் தறியிலேயே பார்த்துவிடுகிறார். இன்னொரு எடுத்துக்காட்டு கொம்மாலி சந்தாவோங். ஹுவாபான் மாநிலத்தில் பிறந்து, போரின் காரணமாகச் சிறுமியாகவே வியன்டியானுக்கு ஓடிவந்தவர். போரால் இடம்பெயர்ந்த பெண்களைத் தறியில் அமர்த்தி, பிறகு சியெங் குவாங்கில் முசுக்கட்டை வளர்ப்பு, பட்டுப்புழு, நூற்பு, சாயம், நெசவு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் மீட்டெடுத்தார். 2015-இல் அவருக்கு ரமோன் மகசேசே விருது வழங்கப்பட்டது. அவருடைய பட்டு உலகச் சந்தையில் விற்றதற்குக் காரணம், அது எங்கே, யாரால், எப்படிச் செய்யப்பட்டது என்று துணியோடு சேர்த்துச் சொல்லப்பட்டதே. இரண்டு முயற்சிகளும் வாங்குகிறவரைக் கற்பித்துத்தான் விலையைக் காத்தன. அரசின் மானியத்தைவிட அது நிலைத்த வழி என்று நினைக்கிறேன்.

கடைசியாக ஒரு கேள்வி, இதற்கு நான் சொல்லும் பதில் முழுமையானது என்று உரிமை கோர மாட்டேன். நெய்கிறவளின் மகள் நெய்ய விரும்பாவிட்டால்? நாணயம் சரிந்த ஆண்டுகளில் லாவோஸின் இளைஞர்கள் பெருந்தொகையாக எல்லை தாண்டித் தாய்லாந்துக்கு வேலைக்குப் போனார்கள், போய்க்கொண்டிருக்கிறார்கள். அங்கே தாய்லாந்து நாணயமான பாத்தில் கிடைக்கும் கூலியைக் கிப்பில் மாற்றினால் பெரிய தொகை. ஊரில் தறியின்முன் உட்கார்ந்திரு என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல நம் யாருக்கும் உரிமை இல்லை. நமக்கு அழகாக இருக்கிறது என்பதற்காக ஒருத்தி தன் முதுகை வளைத்துக் கண்ணை நோகடித்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். தேர்வு அவளுடையது. ஆனால் அவள் தேர்வதற்கு முன் ஒரு கணக்குப் போடுகிறாள். பாங்காக்கில் ஒரு மாதம் என்ன கிடைக்கும், அம்மாவின் தறியில் ஒரு மாதம் என்ன கிடைக்கும் என்று. இரண்டாவது எண்ணை எழுதுவதில் இரவுச் சந்தையில் நிற்கும் பயணிக்குப் பங்கு இருக்கிறது. சூத்திரப்படி பேரம் பேசிப் பாதி விலைக்கு வாங்கப்பட்ட ஒவ்வொரு கைநெசவும், பட்டு என்று நம்பி வாங்கப்பட்ட ஒவ்வொரு பாலியெஸ்டரும் அந்த எண்ணைக் குறைக்கிறது. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, ஊரைக் கேட்டு, நாளைக் கணக்கிட்டு, அதற்குரிய விலையைத் தந்தால் அந்த எண் உயர்கிறது. உயர்ந்த பிறகும் அவள் பாங்காக்குக்கே போகலாம். தறியை எடுத்துக்கொள்ளலாம், நடவுக்கும் அறுவடைக்கும் வயலுக்குப் போய்விட்டு, வயலில் வேலை இல்லாத மாதங்களில் மட்டும் நெய்யலாம், அவள் பாட்டிமார் நெய்தது அப்படித்தான். எதைத் தேர்ந்தாலும், தறியில் உட்கார்ந்தால் பட்டினி என்ற ஒரே காரணத்துக்காக அவள் அதைவிட்டு எழ நேரக் கூடாது.